டின் சாரும் வந்து சேராத கரண்டும்

அந்த டின் சில காலைகளில் பேசாமல் இருந்ததற்கு எங்கள் பக்கத்தில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். ஹட்டன் கடைவீதியில் தன்னுடைய இரும்புச் சாமான் கடைக்குள் எனக்கு ஒரு மேசை இடம் தந்திருக்கும் முஸ்லிம் முதலாளி, நாங்கள் அண்ணன் என்ற பொருளில் நானா என்று கூப்பிடுகிறவர், குளிர்தான் காரணம் என்றார். "காலைல ஒனக்கும் எனக்கும் தொண்ட கட்டுது. அதுக்கு மட்டும் கட்டாதா?" கொழுந்து பறிக்க மலைக்குப் போகிற என் மனைவி, யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றாள். டின்னுக்குச் சொந்தக்காரியான டீச்சர் இரண்டையும் ஒதுக்கிவிட்டார். "உம்மட டின்னுக்கு என்னைப் பிடிக்கேல்லை, தம்பி. வேற ஒண்டுமில்லை."

மூன்றும் எனக்குப் பிடித்திருந்தன. ஒரு சாமான் எப்படிக் கெட்டது என்று தேடுவது என் தொழில். அதைப் பற்றி ஆட்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்பது என் ஆசை. போன் திருத்தக் கொண்டு வருகிறவர்களிடம் "என்ன பழுது?" என்று நான் கேட்பதில்லை. "என்ன பண்ணுது, சொல்லுங்க" என்பேன். "மொகத்தக் காட்டுது, வாயத் தொறக்க மாட்டேங்குது" என்று ஒரு அம்மா சொன்னால் ஸ்பீக்கர். "நல்லா சாப்புடுது, ஒடம்புல ஒட்டல" என்றால் பேட்டரி. பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

டின்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். முதல் நியமனத்துக்கு மலையகம் வந்தவர், இடமாற்றம் வரும் வரும் என்று சில வருடம் பார்த்தார், பிறகு கேட்பதையே விட்டுவிட்டார். வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் வரலாறும் தமிழும் படிப்பிக்கிறார். சில வருடங்களாக அவருடைய பார்வையின் நடுப்பகுதி மட்டும் அழிந்துகொண்டு வந்தது. அவர் அதைச் சொல்லும் விதமே தனி. "சுத்திவரத் தெரியுது தம்பி. பாக்கிற இடம்தான் தெரியேல்லை. உம்மைப் பாத்தா ரெண்டு காதும் தெரியுது, மூஞ்சியைக் காணேல்லை." இனித் திரும்பாது, ஆனால் உடனே மோசமாகவும் ஆகாது என்று கண் டாக்டர் சொல்லியிருந்தார்.

நடக்க, சமைக்க, பிள்ளைகளை அதட்ட அந்தப் பார்வை போதும். புத்தகம் வாசிக்கப் போதாது. பழைய பாடம் என்றால் மனப்பாடமாக ஒப்பித்துவிடுவார். புதிய பாடப்புத்தகம் வந்ததும் கையைக் கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிட்டது. என்னிடம் போன் திருத்த வந்த நாளில், எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி கிடைக்குமா என்று விசாரித்தார். பெரிதாக்கினாலும் நடுவில்தானே ஓட்டை. படிக்காமல் கேட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் கணினிக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதில் எனக்குத் தீராத கிறுக்கு உண்டு. போனில் வீடியோ பார்த்தும், ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டியும் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டேன். நானா கொழும்பிலிருந்து கொண்டுவரும் கழிவுச் சாமான் மூட்டைக்குள் கைவிரல் நீளக் கணினிப் பலகை ஒன்று கிடந்தது. அதை ஒரு பெரிய பிஸ்கட் டின்னுக்குள் வைத்து, பேட்டரி பூட்டி, பழைய மேசை விளக்கின் வளையும் கழுத்தை மூடியில் திருகி, அதன் நுனியில் கமெராவைப் பொருத்தினேன். கமெராவுக்குக் கீழே புத்தகத்தை விரித்து ஒரு பொத்தானை அமுக்கினால் டின் அதைச் சத்தமாக வாசிக்கும். பிள்ளைகள் அதற்கு உடனே "டின் சார்" என்று பேர் வைத்துவிட்டார்கள். டீச்சருக்குக் கொஞ்சம் பொறாமை. "என்னை மிஸ் எண்டுதான் கூப்பிடுதுகள். பிஸ்கட் டின்னுக்கு சார் பட்டம்."

அந்த டின் சார்தான் சில காலைகளில் வாய் திறக்கவில்லை. பச்சை விளக்கு எரியும், கமெரா பார்க்கும், சத்தம் மட்டும் வராது. அணைத்துப் போட்டால் சில வேளை வரும். மறுநாள் ஒழுங்காக இருக்கும். கடைக்குக் கொண்டு வந்தால் ஒரு தடவையாவது மக்கர் பண்ண வேண்டுமே! போட்டதும் "வணக்கம்" என்று மணியாகச் சொல்லும். "டொக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்டுட்டுது" என்று டீச்சர் தூக்கிக்கொண்டு போவார், அடுத்த நாளே போன் வரும்.

அது விளையாட்டாக இருந்ததெல்லாம் கல்வி அலுவலகத்தில் அவரைக் கூப்பிட்டுப் பேசும்வரைக்கும்தான். மருத்துவக் காரணம் காட்டி முன்கூட்டியே ஓய்வு பெறலாமே என்று கேட்டிருக்கிறார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்களாம். இவர் மறுத்ததும், ஒரு அதிகாரி வந்து வகுப்பில் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வார் என்று ஏற்பாடாகியது.

டீச்சர் கடையில் என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, டின்னை மடியில் வைத்துக்கொண்டு அதைச் சொன்னார். "அவர் வாற அண்டைக்கு இது கதைக்காட்டி, நான் ஓமெண்டு சொல்லிப்போட்டு வீட்டை போயிடுவன். பிள்ளையளின்ர முன்னால ஒரு டின்னைத் தட்டித் தட்டிக்கொண்டு நிக்க என்னால ஏலாது. உம்மில கோவமில்லை, தம்பி. சொல்லி வைக்கிறன்." கேட்டுக்கொண்டிருந்த நானா தேத்தண்ணிக்கு ஆள் அனுப்பினார்.

டின்னை இரண்டு நாள் என்னிடமே வைத்துக்கொண்டேன். டின்னை நடத்தும் நிரலான இயங்குதளம், தான் விழிக்கும்போது என்னென்ன நடக்கிறது என்பதை ஒவ்வொரு வரியாகப் பதிந்து வைக்கும். டின் பேசிய காலையின் பதிவையும் மௌனக் காலையின் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். எல்லாம் ஒன்றுதான், ஒரு வரியைத் தவிர.

ஒரு கணினியில் ஒவ்வொரு சிப்புக்கும் அதனோடு பேசத் தெரிந்த ஒரு சின்ன நிரல் உண்டு. அதைத்தான் ட்ரைவர் என்கிறார்கள். ஸ்பீக்கருக்குச் சத்தம் கொடுக்கும் சிப்புக்கு ஒரு ட்ரைவர். அந்தச் சிப்புக்கு மின்சாரம் திறந்துவிடும் ரெகுலேட்டர் என்ற சாமானுக்கு இன்னொரு ட்ரைவர். எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பொதுக் குழாயான பீலிக்கு மேலே தண்ணீர் திறந்துவிடும் வால்வு மாதிரி அந்த ரெகுலேட்டர். ஸ்பீக்கர் ட்ரைவர் வந்ததும், "என் ரெகுலேட்டர் எங்கே? திறந்துவிடு" என்று இயங்குதளத்தைக் கேட்க வேண்டும். பிறகுதான் பேச்சு.

சிக்கல் என்னவென்றால், இந்த ட்ரைவர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் விழிக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரே வாசலால் எல்லோரும் நுழைகிற மாதிரி. ஒரு நாள் ரெகுலேட்டர் முந்தும், ஒரு நாள் ஸ்பீக்கர் முந்தும். ஸ்பீக்கர் முந்திய காலைகளில் பதிவில் ஒரு வரி கிடந்தது: ரெகுலேட்டர் இல்லை, அது இல்லாமலே மேலே போகிறேன்.

குளிரும் இல்லை, கண்ணேறும் இல்லை, டீச்சர்மீது வெறுப்பும் இல்லை. ஒருவர் கொஞ்சம் முந்தி வந்துவிட்டார், அவ்வளவுதான். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த ட்ரைவரின் மூல நிரலைத் தேடி இறக்கினேன். எழுதியவர் எங்கோ குளிர் தேசத்துக்காரராக இருக்கலாம். அவருடைய எழுத்தில் ஒரு நிதானம் தெரிந்தது. "ரெகுலேட்டரைக் கேள். கிடைக்கவில்லையா, இந்தப் பலகையில் அது இல்லை என்று வைத்துக்கொள், மேலே போ." அவர் நினைத்ததிலும் நியாயம் உண்டு. சில பலகைகளில் வால்வே கிடையாது. மின்சாரம் நேரே பாயும். அங்கே போய் "வால்வு எங்கே?" என்று அடம் பிடித்தால் ஸ்பீக்கர் என்றைக்கும் பேசாது.

அன்று பின்னேரம் மலையிலிருந்து வந்த மனைவி, கால்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு காலைப் பெரட்டின் கதையைச் சொன்னாள். பெரட்டு என்றால் வேலைக்குப் போகுமுன் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவது. பக்கத்துக் காம்பரா வீட்டு அக்காவின் பிள்ளை வாந்தியெடுத்ததில் அவருக்குத் தாமதமாகிவிட்டது. கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டபோது ஆள் இல்லை.

"நீ என்ன சொன்ன?"

"என்னாத்த சொல்றது. 'அந்தா வளைவுல வர்றாங்கய்யா'ன்னேன்."

"வந்தாங்களா?"

"வளைவுல ஒரு நாய்தான் நின்னுச்சு. கணக்கப்புள்ள அந்த நாயப் பாத்தாரு, என்னயப் பாத்தாரு. 'சேல கட்டிட்டு வருதா?'ன்னாரு. எல்லாரும் சிரிச்சுட்டோம். அடுத்த பேருக்குப் போயிட்டாரு. அக்கா கூடையோட ஓடியாந்துட்டாங்க."

இது எங்கள் பக்கத்தில் தினமும் நடப்பது. வராதவருக்காக இன்னொருவர் குரல் கொடுப்பார், கூப்பிடுகிறவரும் தெரிந்தே நம்புவார். வேலை நிற்காது. அதைக் கேட்டதும் எனக்குள் ஒரு பல்ப் எரிந்தது. இந்த ஸ்பீக்கர் ட்ரைவருக்கும் ஒருவர் குரல் கொடுத்தால் என்ன?

இயங்குதளத்திலேயே அதற்கு வழி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பலகையில் எது எதனோடு சேர்ந்தது என்று சொல்லும் விவரக் கோப்பில் ரெகுலேட்டர் என்று எதுவுமே எழுதப்படாவிட்டாலும், கேட்கிற விதத்தில் கேட்டால் இயங்குதளம் இல்லை என்று சொல்லாமல் ஒரு டம்மி ரெகுலேட்டரைக் கையில் கொடுக்கும். "இந்தா, உன் கரண்ட் இருக்கிறது, கவலைப்படாதே" என்று ட்ரைவரைத் தட்டிக்கொடுத்து அனுப்பிவிடும். எங்கோ இருப்பவர்கள் எங்கள் பெரட்டுக் களத்தை எப்படிப் பார்த்தார்கள்!

நான் இரண்டு காரியம் செய்தேன். பலகையின் விவரத்தில், ஸ்பீக்கருக்கும் அந்த ரெகுலேட்டருக்கும் தொடர்பு என்றிருந்த வரியை எடுத்துவிட்டேன். ட்ரைவரையும் அந்த விதத்தில் கேட்க வைத்தேன், இனி ஸ்பீக்கருக்கு டம்மிதான். உண்மையான ரெகுலேட்டரிடம், "நீ வந்ததும் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் திறந்துவிடு" என்று எழுதினேன். போட்டேன். "வணக்கம்." அணைத்தேன். போட்டேன். "வணக்கம்." எத்தனை தடவை போட்டாலும் வணக்கம். நானா எழுந்து வந்து கை கொடுத்தார். "சாமான் நல்ல சாமான்தான், புத்திதான் இல்லாம ஈந்திச்சு. இப்ப புத்தி வெச்சிட்டாய்." நானாவுக்கு இது வழக்கமான பாராட்டு, குழாய் வாங்க வருகிறவர்களிடமும் இதையே சொல்வார். எனக்கு அன்று தித்தித்தது. டின்னை டீச்சரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் முதல் பாடவேளை முடிந்ததும் போன் வந்தது.

"தம்பி, உம்மட டின் சார் வணக்கமெல்லாம் சொன்னவர். பாடமும் துவங்கினவர். வெள்ளைக்காரன் கண்டிக்குப் போற வழியில படுத்திட்டார்."

"என்னாங்க டீச்சர் சொல்றீங்க?"

"வசனத்தின்ர நடுவில. 'படைகள் மலைப்பாதை வழியாக' எண்டார். பிறகு சத்தமில்லை. நான் முற்றுப்புள்ளி எண்டு நினைச்சு நிண்டுகொண்டிருக்கிறன். பிள்ளையள் சொல்லுதுகள், மிஸ், படை இன்னும் நடக்குதுபோல எண்டு."

அவர் சிரிக்கத்தான் செய்தார். ஆனால் கடைசியில் குரல் இறங்கிவிட்டது. "அடுத்த கிழமை அந்த அதிகாரி வாறார், தம்பி."

கடையில் நான் சோதித்ததெல்லாம் வணக்கம் வரைக்கும்தான். வணக்கம் வந்ததும் அணைத்துவிடுவேன். டின் திரும்பி வந்ததும் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு பக்கம் வாசிக்க விட்டேன். அரை நிமிடம் போல ஓடியது, சட்டென்று அமைதி. பதிவைத் திறந்தால் அங்கே ஒரு வரி: இந்த ரெகுலேட்டரை யாரும் பயன்படுத்தவில்லை, அணைக்கிறேன்.

எனக்கு அந்த வரியைப் படித்ததும் கோபம் வரவில்லை; அதைச் சொன்ன ஆளைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. இயங்குதளத்துக்கு ஒரு சிக்கனப் புத்தி இருக்கிறது. எல்லோரும் விழித்துக் கொஞ்ச நேரமானதும் வீட்டைச் சுற்றி ஒரு நடை வரும். யாரும் "எனக்கு வேண்டும்" என்று கேட்டு வைக்காத மின்சாரத்தையெல்லாம் அணைத்துக்கொண்டே போகும். உண்மையான ரெகுலேட்டரை யார் கேட்டு வைத்திருந்தார்கள்? யாருமில்லை. ஸ்பீக்கரின் கையில் நான்தான் டம்மியைத் திணித்திருந்தேனே. அது டம்மியைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக வாசிக்க, பின்னால் உண்மையான வால்வை மூடிவிட்டார்கள்.

இதை நானாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். விளக்குவதற்கு எழுந்து அவர் பக்கம் போயிருந்தேன். அவர் கேட்டுக்கொண்டே நடந்து போய் என் மேசை விளக்கை அணைத்தார்.

"நானா, நான் வேல செஞ்சுகிட்டு இருக்கேங்க!"

"ஆளில்லாத கதிரைக்கு எனத்துக்கு லைட்டு?"

"இதத்தான் நானா அதுவும் பண்ணுது."

நானா டின்னைத் தட்டிக்கொடுத்தார். "அப்ப அது நல்ல குடும்பத்துப் புள்ள" என்றார். பிறகு, "எப்பவும் அணைக்காதேன்னு செல்லிட்டா முடிஞ்சில்லியா?" என்று கேட்டார்.

அதையும் செய்து பார்த்தேன். எப்போதும் மின்சாரம் ஓடினால் அந்தச் சிப், வாசிக்காத நேரத்திலும் உஸ்ஸென்று இரைந்தது. போனில் டீச்சருக்குக் கேட்கவைத்தேன். "உள்ளுக்கை பாம்பு ஏதும் வளக்கிறீரோ?" என்றார். பேட்டரியும் பள்ளிக்கூடம் விடுமுன்னே தீர்ந்துபோகும் போலிருந்தது. அந்த வழியும் அடைந்தது.

பௌர்ணமிப் போயா விடுமுறை, கடை பூட்டு. வெளியே எதிர் மலை தெரியாத அளவுக்கு மழை. லயத்து வாசலில் மணைப்பலகை போட்டு உட்கார்ந்துகொண்டு அந்தக் குளிர் தேசத்துக்காரரின் நிரலை மறுபடி முதலிலிருந்து படித்தேன். இந்த முறை அவர் என்ன கேட்கிறார் என்பதை விட்டுவிட்டு, அவருக்கு என்ன பதில் வருகிறது என்று பார்த்தேன்.

பதில் ஒன்றல்ல. ரெகுலேட்டர் கிடைக்காதபோது இயங்குதளம் அதைப் பல விதமாகச் சொல்கிறது. "இந்தப் பலகையில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது" என்பது ஒரு பதில். "உண்டு, இன்னும் விழிக்கவில்லை, பிறகு வா" என்பது இன்னொரு பதில். "உண்டு, ஆனால் ஏதோ கோளாறு" என்று வேறு பதில்களும் உண்டு. நிரலை எழுதியவர் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டார்: கிடைக்கவில்லை. பிறகு வா என்று சொன்னதை இல்லை என்று எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டார்.

நான் செய்தது மட்டும் என்ன? அவர் எல்லாவற்றையும் இல்லை ஆக்கினார், நான் எல்லாவற்றையும் இருக்கிறது ஆக்கினேன். பெரட்டுக் களத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. அங்கே யார் யாருக்கு வேண்டுமானாலும் குரல் கொடுத்துவிடுவதில்லை. கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்ட பெண்ணின் பேரைத் தவறிக் கூப்பிட்டால், "அது போயி ரொம்ப நாளாச்சுய்யா" என்பார்கள். காய்ச்சலில் படுத்திருப்பவரின் பேர் வந்தால், "ஒடம்புக்கு முடியலங்க" என்பார்கள். ஓடி வந்துகொண்டிருப்பவருக்கு மட்டும்தான் வளைவும் நாயும். வருவார் என்று தெரிந்துதான் என் மனைவி வாய் திறந்தாள். வராமலிருந்தால் மறுநாள் அவள் பேச்சை யார் கேட்பார்கள்?

திருத்தம் சில வரிகள்தான். பலகையின் விவரத்தைப் பழையபடி மாற்றினேன். டம்மியை எடுத்தேன். ட்ரைவரில் எழுதினேன்: கிடையவே கிடையாது என்றால் அது இல்லாமல் மேலே போ. பிறகு வா என்றால் எதையும் தொடாமல் திரும்பிப் போய், கூப்பிடும்போது மறுபடி முதலிலிருந்து கேள். வேறு கோளாறு என்றால் நின்று, என்ன கோளாறு என்று சத்தம் போடு. திரும்பிப் போன ட்ரைவரை இயங்குதளமே நினைவு வைத்திருந்து, புதிதாக யாராவது விழித்ததும் மறுபடி கூப்பிடும். அந்த ஏற்பாடு முதலிலிருந்தே அங்கே இருந்தது. திரும்பிப் போகத்தான் அந்த ட்ரைவருக்குத் தெரியவில்லை.

இந்த முறை வணக்கத்தோடு ஏமாற மாட்டேன் என்று, வேண்டுமென்றே ரெகுலேட்டரைத் தூங்க வைத்தேன். அது மிகவும் தாமதமாக விழிக்கும்படி செய்துவிட்டு டின்னைப் போட்டேன். சத்தமில்லை. மனைவி ரொட்டி சுட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "போயிருச்சா?"

"இரு."

"என்னாத்த இருக்கிறது, அடுப்புல ரொட்டி கருகுது."

"வணக்கம்" என்றது டின்.

அவள் ரொட்டியைத் திருப்ப மறந்து நின்றாள். "ஏங்க, செத்துப் பொழச்ச மாதிரில்ல சொல்லுது." ஒரு முழுப் பாடத்தையும் வாசிக்க விட்டேன். வெள்ளைக்காரப் படை கண்டிக்கு வந்து சேர்ந்து, பாடத்தின் கடைசிப் பயிற்சிக் கேள்விகள் வரை வாசித்துவிட்டு டின் தானாக நின்றது.

டீச்சரிடம் கொடுக்கும்போது ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. "டீச்சர், சில நாளைக்குப் போட்டதும் பேசாது. கொஞ்சம் நேரம் எடுக்கும். அணைச்சுப் போடாதீங்க, அணைச்சா மறுபடி மொதல்லருந்து ஆரம்பிக்கும்."

"எவ்வளவு நேரம்?"

"சரியா சொல்ல முடியாதுங்க. வரும்."

"இப்பிடித்தான் என்ர இடமாற்றத்துக்கும் சொன்னவங்கள்."

"அது டம்மிங்க டீச்சர். இது நெசம்."

அவர் சத்தமாகச் சிரித்தார். சிரித்து முடித்ததும் டின்னின் மூடியைத் தடவிக்கொண்டே, "நான் போட்டிட்டு நிப்பன். அந்த மனிசனும் பிள்ளையளும் என்னைப் பாத்துக்கொண்டிருப்பினம். நான் அவையின்ர காதுகளைப் பாத்துக்கொண்டிருப்பன்" என்றார். அன்றைக்கு நானும் வருகிறேன் என்றேன்.

அந்தக் காலையில் வகுப்பறையின் கடைசி வாங்கில் பிள்ளைகளோடு பிள்ளையாக முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே முழுக்க மூடுபனி. அதிகாரி எங்கள் பக்கத்துக்காரர்தான், பேச்சில் தெரிந்தது. பக்கவாட்டில் கதிரை போட்டு அமர்ந்து, "நீங்க நடத்துங்க டீச்சர், நான் இருக்கிறத மறந்துருங்க" என்றார். அப்படிச் சொன்னதும் யாரால் மறக்க முடியும்?

டீச்சர் புத்தகத்தை விரித்துக் கமெராவுக்குக் கீழே வைத்தார். டின்னைப் போட்டார். பச்சை விளக்கு எரிந்தது. சத்தமில்லை.

ரெகுலேட்டர் தாமதமாகிவிட்டது, அவ்வளவுதான், வரும் என்று எனக்குத் தெரியும். தெரியும் என்றுதான் போன தடவையும் நினைத்தேன். அதிகாரி டின்னைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், கையிலிருந்த பேனாவைத் திருப்பினார். முன் வரிசையில் ஒரு பெண் பிள்ளை எழுந்தாள். "மிஸ், ஓஃப் பண்ணி ஓன் பண்ணவா?" பழைய நாட்களில் அதுதான் வழக்கம்.

டீச்சரின் கை டின்னை நோக்கிப் போனது. கை பொத்தானுக்குப் பக்கத்தில் போய் மூடியின்மேல் படிந்து அங்கேயே நின்றது.

"இரும் பிள்ளை" என்றார். "அவர் வருவார். அதுவரைக்கும் நான் கேக்கிறதுக்குப் பதில் சொல்லுங்கோ. படை ஏன் மலைப்பாதையால போனது? நல்ல ரோட்டு இருக்கேக்குள்ள?"

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "அப்ப ரோட்டே இல்ல மிஸ்" என்று ஒரு குரல். "பஸ்சுல எடமில்ல மிஸ்" என்று இன்னொரு குரல். வகுப்பு சிரித்தது. டீச்சர் அந்தச் சிரிப்புக்குள்ளே நுழைந்து, அந்தக் காலத்தில் இந்த மலைகளில் பாதை எப்படி இருந்தது, தேயிலையே இல்லாத காட்டில் மழைக் காலத்தில் பாரச் சாமான்களை எப்படி ஏற்றியிருப்பார்கள் என்று கேட்டுக்கொண்டே போனார். கை மட்டும் மூடியை விட்டு எடுக்கப்படவில்லை. அதிகாரி பேனாவைச் சட்டைப் பையில் செருகினார்.

"வணக்கம்" என்றது டின்.

"வணக்கம் டின் சார்!" என்று வகுப்பே எழுந்து கத்தியது. அதிகாரி திடுக்கிட்டுத் தானும் பாதி எழுந்துவிட்டார். டீச்சர் பொத்தானை அமுக்கினார். டின் வாசிக்க ஆரம்பித்தது. படை மலைப்பாதை வழியாகப் புறப்பட்டது. நான் மனதுக்குள் அரை நிமிடத்தைக் கடந்தேன், ஒரு நிமிடத்தைக் கடந்தேன். டீச்சர் வேண்டிய இடத்தில் நிறுத்தினார், கேள்வி கேட்டார், மறுபடி அமுக்கினார். ஒரு இடத்தில் டின் இரண்டு சொல்லைச் சேர்த்து உளறியது. "சார் பிழை விடுறார், ஆர் திருத்துறது?" என்றார் டீச்சர். முழு வகுப்பும் திருத்தியது. அதிகாரியின் வாயும் அசைந்ததை நான் பார்த்தேன்.

மணி அடித்ததும் அவர் எழுந்து டின்னைச் சுற்றி வந்தார், மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். "டீச்சர், நீங்க இருங்க. அலுவலகத்துல நான் பேசிக்கிறேன்" என்றார். பிறகு, "ஆரம்பத்துல அது பேசாம இருந்திச்சே, பழுதா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றார் டீச்சர். "அவருக்குக் கரண்ட் வந்து சேரேல்லை."

அவர் போன பிறகு டீச்சர் என்னைத் தேடினார்; என் இருமலை வைத்துக் கண்டுபிடித்தார். நன்றி சொல்வார் என்று நினைத்தேன். "தம்பி, எட்டாம் வகுப்பு முடிஞ்சா நான் ஒன்பதுக்குப் போகோணும். பிறகு பத்து. இதைக் குழந்தைப்பிள்ளை மாதிரி ரெண்டு கையாலும் அணைச்சுக்கொண்டு எத்தனை வருஷத்துக்கு நடக்கிறது? ஒரு கைபிடி வைச்சுத் தாரும்."

நானாவின் கடையில் கைபிடிக்கா பஞ்சம்? அலமாரிக் கைபிடி, கதவுக் கைபிடி, பெட்டிக் கைபிடி என்று ஒரு தட்டு நிறைய எடுத்து வைத்தார். டீச்சர் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்துக் கழித்தார். "இது கையை வெட்டுது. இது வழுக்குது. இது சவப்பெட்டிக்குப் போடுறது, எனக்குத் தெரியும்." நானா, "டீச்சரம்மாக்கு எனத்தயும் ஒளிக்கேலா" என்று அதை உள்ளே வைத்தார். கடைசியில் தடித்த மரக் கைபிடி ஒன்று பிடித்துப்போனது.

மறுநாள் நானே பாடசாலைக்குப் போய் அதை டின்னின் முதுகில் திருகிக் கொடுத்தேன். தூக்கினால் மூடி பக்கவாட்டில் திரும்பி, கமெராவின் கழுத்து சுவர்ப் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது. மாற்றிப் போடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றார், பாடத்துக்கு நேரமாகிவிட்டதாம். ஒரு கையில் புத்தகம், மறு கையில் டின். பனி புகுந்திருந்த விறாந்தையில் நடந்துகொண்டே கட்டைவிரலால் பொத்தானை அமுக்கினார். டின் சுவரில் எழுதியிருந்ததைச் சத்தமாக வாசித்தது: குடிநீரை வீணாக்காதீர். இன்னும் கொஞ்சம் நடந்து மறுபடி அமுக்கினார். ஒரு வகுப்பு வாசலின் பெயர்ப்பலகையைப் பார்த்து, தரம் ஒன்பது, என்றது. டீச்சர் வலப்பக்கம் திரும்பி உள்ளே போனார்.